ஈர நெல்லும் டில்லி விதியும்

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் நடைபெறுகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் ஐப்பசியிலேயே. கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாதென்பது மத்திய சர்க்காரின் விதி. வெயிலையே காணாத வாரத்தில், நிலையத்து வாயிலில் தார்ப்பாயின் கீழ்க் கிடக்கும் குவியலைக் குடியானவர் எங்ஙனம் உலர்த்துவாரென்பதற்கு அவ்விதியில் விடையில்லை.

விதிக்குக் காரணமே கிடையாதென்று நாம் வாதிக்கவில்லை. ஈர நெல்லைச் சிப்பங்கட்டி அடுக்கினால் சூடேறிப் பழுப்பாகும், பூஞ்சை பிடிக்கும், அரைவையில் நொய்யாகும். அவ்வரிசி நியாயவிலைக் கடைக்குப் போய் ஏழையின் உலையில்தான் விழும். ஆகவே ஈரத்தை அளப்பது யுக்தமே. நமது ஆட்சேபம், நிச்சயமாக வரப்போகும் மழையை ஒவ்வொரு முறையும் எதிர்பாராத விபத்தாகப் பாவிப்பதைப் பற்றியது.

2023 பிப்ரவரியில், சம்பா அறுவடைத் தருணத்தில், காலந்தவறிய மழையால் டெல்டா ஜில்லாக்களில் கதிர்கள் சாய்ந்தன. ஈர அளவை 22 வரை தளர்த்துமாறு தமிழக சர்க்கார் டில்லிக்கு எழுதிற்று. மத்திய அதிகாரிகள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், அதன் பிறகே 20 வரை சலுகை கிடைத்தது. நனைந்த நெல் முளைவிடச் சில நாட்களே போதும். அது அறிக்கைக்காகக் காத்திருக்கும் வழக்கமில்லை!

உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏந்தக்கூடிய நீராவி நூற்றுக்குச் சுமார் 7 பங்கு அதிகரிக்கிறதென விஞ்ஞானிகள் கணக்கிட்டுள்ளனர். நாட்கணக்கில் பெய்யவேண்டியது சில மணி நேரத்தில் கொட்டுவது இனி அபூர்வமாயிராது. விளைந்த நெல்லை வாயிலில் முளைக்கவிட்டு, மகசூலைப் பெருக்கத் திட்டம் வகுப்பதால் யாது பயன்?

மழை மாதங்களுக்குரிய ஈர அளவையும், மிகுதி ஈரத்துக்குக் கழிக்க வேண்டிய எடையையும் நடவுக் காலத்திலேயே பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும். அறிவிப்பு மட்டும் நெல்லை உலர்த்திவிடாது. நிலையங்களின் அருகில் உலர்த்தும் இயந்திரங்களும், சிமிண்டுக் களமும், மேற்கூரையும் அவசியம். இச்செலவில் மத்திய சர்க்காரும் பங்கேற்பது நியாயம், விதி அவர்களுடையதன்றோ? டில்லியிலிருந்து கமிட்டி வருவதாயின் ஆடி மாதத்திலேயே வரட்டும். எந்தெந்த ஊரில் இயந்திரம் இல்லையென்று கணக்கெடுத்துச் செல்லட்டும்.