இருண்ட மர அறையைக் குழந்தை அறையாக்குதல்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்க்கு, வீடு பெரும்பாலும் மனம் போல் அமைவதில்லை. கிடைத்த வீட்டை நம் வீடாக்கிக் கொள்வதே வழக்கமாகிவிடுகிறது. சிம்லா, டார்ஜிலிங் போன்ற மலை நகரங்களில் அமையும் பழைய வீடுகளில், சுவர் தெரியாதபடி மரப்பலகை பதித்து, கருஞ்சிவப்பாக மெருகேற்றிய அறைகள் உண்டு. பெருநகரங்களின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பிளைவுட் பலகை பதித்த அறைகளைக் காண்கிறோம். அத்தகைய அறையைப் பிறக்கப் போகும் குழந்தைக்கு உரிய அறையாக மாற்றுவது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

பலகை பதிக்கும் வழக்கம் வீண் ஆடம்பரத்தால் வந்ததன்று. கல்லும் செங்கல்லும் குளிர்காலத்தில் சில்லிட்டுப் போகும். மரமோ அவ்வளவு எளிதில் வெப்பத்தைக் கடத்துவதில்லை. ஆகவே மலைப் பிரதேசங்களில் உட்சுவரை மரத்தால் மூடினார்கள். சிம்லாவில் 1888-ல் முடிவுற்ற வைஸ்ராய் மாளிகையின் உட்புறத்தை இன்றும் காணலாம். 1965 முதல் இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இயங்கி வரும் அந்த மாளிகையில், பர்மாத் தேக்கு பெருமளவில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்நாளைய பெரிய மாளிகைகளின் பாணியைச் சிறு வீடுகளும் தம் அளவில் பின்பற்றின. ஆண்டுக்கு ஆண்டு ஏறிய மெருகும், கணப்பு அடுப்பின் புகையும் சேர்ந்து மரத்தை மேலும் கறுக்கச் செய்தன.

வெண்மையான பூச்சு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பித் தருகிறது. கறுத்த மரம் திருப்பித் தருவது ஏறத்தாழ 10 முதல் 15 பங்குதான். எஞ்சியதை அது விழுங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு இது வெறும் மனச்சோர்வாக இருக்கலாம். பச்சைக் குழந்தைக்கோ வேறு காரணங்களாலும் ஒளி தேவைப்படுகிறது. பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்கு உடல் மஞ்சள் பூக்கும். பெரும்பாலும் அது தானே தணியும்; சிலருக்கு மிகுந்துவிட்டால் மூளையைத் தாக்கவும் கூடும். அந்த மஞ்சளைக் கண்டறிய நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். இருண்ட பழுப்பு அறையில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். மஞ்சள் பூசிய சுவரும் அதே போலக் கண்ணை ஏமாற்றும். மஞ்சள் புலப்பட்டால் சன்னல் வெயிலில் கிடத்திக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வர்ணம் பூசத் தொடங்குமுன் இரு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, வீடு யாருடையது என்பது. வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். அரசாங்கக் குடியிருப்பாயின் பொறுப்பான அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரண்டாவது, மரம் எத்தகையது என்பது. சித்திர வேலைப்பாடமைந்த பழைய தேவதாரு அல்லது தேக்குப் பலகையின் மேல் வர்ணம் ஏற்றிவிட்டால், அதை மறுபடியும் பழைய நிலைக்குக் கொணர்வது பெரும்பாடு. அத்தகைய அறையில் மேற்கூரைக்கும் பலகைக்கு மேலுள்ள சுவருக்கும் வெண்மை பூசி, வெளிர் நிறத் திரைகளை மாட்டினாலே பாதி இருள் நீங்கிவிடும். வேலைப்பாடற்ற பலகையும் பிளைவுட்டும் ஆனால் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது காலம். இதில் நம் பழைய வழக்கம் ஒன்று நமக்குப் பெருந்துணையாகிறது. வளைகாப்பும் சீமந்தமும் முடிந்ததும், தலைப்பிரசவத்துக்காகப் பெண் தாய்வீடு செல்வதும், குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருவதும் நம்மிடையே பலர் இன்றும் கைக்கொள்ளும் முறை. டெல்லியிலோ சிம்லாவிலோ இருக்கும் கணவருக்கு, வீடு காலியாகக் கிடக்கும் அந்த மாதங்களே தகுந்த தருணம். தாயை அங்கே அனுப்பாமல் பாட்டியை இங்கே வரவழைத்துப் பிரசவம் பார்ப்பதானால், கர்ப்பிணி அந்த வேலையில் கை வைக்கலாகாது. வேலை நடக்கும் நாட்களில் அவர் வேறோர் இல்லத்தில் தங்குவதே நன்று. குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பாவது வேலை முடிந்திருக்க வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரக் காற்றில் பூச்சு உலராமல் பிசுபிசுக்கும். சிம்லாவின் கடுங்குளிரில், வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கினால், தண்ணீர் கலந்த வர்ணம் சரியாகப் படலமாவதில்லை. மழை ஓய்ந்து கடுங்குளிர் தொடங்காத அக்டோபர் மாதம் வட மாநிலங்களில் பெரும்பாலும் ஏற்றது. உலரவில்லையே என்று மூடிய அறைக்குள் அங்கீட்டி மூட்டி வைப்பது பேராபத்து. கரிப்புகையின் நஞ்சு உயிரைக் குடிக்கும். பூச்சின் ஆவியும் தீப்பற்றக் கூடும்.

இனி, யாவரும் மனத்தில் இருத்த வேண்டிய அபாயம் ஒன்று உண்டு. பழைய வர்ணங்களில் காரீயம் கலந்திருந்தது. நம் வீட்டு ஈயச் சொம்பின் ஈயம் வெள்ளீயம், அது வேறு. காரீயமோ குழந்தையின் வளரும் மூளைக்கு நஞ்சாகும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு குழந்தையின் உடல் உறிஞ்சிக் கொள்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு இது இன்னும் மிகுதி. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு முதலிய பளிச்சிடும் எனாமல்களில் காரீயச் சேர்க்கை சாதாரணமாக இருந்து வந்தது. வீட்டு வர்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென்று இந்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட வர்ணம் எதுவாயினும் காரீயம் உள்ளதென்றே கருதி நடப்பது அறிவுடைமை.

மெருகு மட்டுமே ஏறிய பலகையில் இந்தக் கவலை குறைவு. ஆனால் அதே அறையின் சன்னல் சட்டமும் கதவும் பலமுறை எனாமல் கண்டவையாக இருக்கும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது, ஊதுவிளக்கால் கருக்கலாகாது. பழைய பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால், கழுவித் துடைத்து அதன்மேலேயே புதுப் பூச்சு ஏற்றிவிடலாம். உதிர்ந்து வரும் இடங்களை மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி எடுக்க வேண்டும். திறந்து மூடும்போது ஒன்றோடொன்று உராயும் சன்னல் விளிம்புகளில் புதுப் பூச்சும் நிலைக்காது. அவற்றைப் பெயர்த்தெடுத்து மாற்றிவிடுவது உத்தமம். தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும்; வேலையாள் தூசியைத் தடுக்கும் என்-95 முகமூடி அணிய வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி வீடு முழுதும் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுப்பதே முறை. அந்த உடைகளைத் தனியே வெளுக்க வேண்டும். சுரண்டியதை உறையில் கட்டி அகற்ற வேண்டுமேயன்றித் தோட்டத்தில் கொட்டலாகாது.

இனிப் பலகைக்கு வருவோம். முதலில் மெருகு எத்தகையது என்று அறிதல் வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மறைவான மூலையில் தேய்த்துப் பார்த்தால், பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டிக் கொள்ளுமானால் அது அவலரக்கு மெருகு. அசையாமல் இருந்தால் வார்னிஷ் எனலாம். மெழுகு தடவியிருந்தால் நகத்தால் கீறும்போது வழுவழுப்பான பொடி நகத்தில் ஏறும். மெழுகின் மீது எந்த வர்ணமும் நில்லாது; டர்பன்டைனில் நனைத்த துணியால் அதை முற்றிலும் நீக்கியாக வேண்டும்.

பின்னர், வெந்நீரில் சலவைச் சோடாவைச் சிறிது கரைத்து, ஒட்ட முறுக்கிப் பிழிந்த துணியால் புகையும் பிசுக்கும் போகத் துடைத்து, தூய நீரால் மறுமுறையும் துடைத்து உலர விட வேண்டும். பிளைவுட் மீது தண்ணீரைத் தேக்கினால் அடுக்குகள் பெயர்ந்துவிடும். உலர்ந்த பின் நடுத்தர உப்புத்தாளால், மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மெருகு முழுவதையும் போக்க வேண்டியதில்லை. பளபளப்பு மங்கினால் போதும். மங்கிய பரப்பில்தான் வர்ணம் பற்றும். ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் மரப்பட்டி கொண்டு நிரப்பி, காய்ந்த பின் சமமாகத் தேய்க்க வேண்டும்.

பலர் வர்ணம் வீணாகிவிட்டது என்று வருந்துவது இதற்கு அடுத்த படியில்தான். தேக்கிலும் தேவதாருவிலும் இயற்கையான எண்ணெயும் சாயமும் உண்டு. தண்ணீர் கலந்த வெண்மையை நேரே பூசினால், சில நாட்களில் பழுப்புக் கறை ஊறி மேலே வந்துவிடும். எத்தனை கைப் பூசினாலும் அது நிற்பதில்லை. இதற்குத் தடுப்பாவது அவலரக்கே. மெழுகு நீக்கிய அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசினால், அது கறையை உள்ளேயே அடைத்துவிடும். மேற்பூச்சுக்கும் பிடிப்புத் தரும். மரக்கணுக்களின் மேல் இரண்டு கை வேண்டும். ஜார்க்கண்டின் காடுகளில் மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் கக்கும் பிசினே இந்த அரக்கு. ராஞ்சிக்கு அருகே நாம்குமில் 1924-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இதன் பயன்களை இன்றும் ஆராய்ந்து வருகிறது.

அரக்குப் பூச்சு காய்ந்ததும் மரத்துக்குரிய பிரைமர் ஒரு கை பூசி, ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். பழுப்புக் கறை தலைகாட்டினால் அவ்விடத்தில் மட்டும் மறுபடி அரக்கு தொட வேண்டும். தெளிவாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, மேற்பூச்சு இரண்டு கை ஏற்றலாம். தடித்த ஒரு கையைவிட மெல்லிய இரு கைகளே நெடுநாள் உழைக்கும். மேற்பூச்சுக்குத் தண்ணீர் கலக்கும் எனாமலைத் தேர்ந்தெடுத்தல் நலம். எண்ணெய் எனாமலின் வாடை நீடிக்கும், வெண்மையும் காலப்போக்கில் மஞ்சளிக்கும். டப்பாவின் மேல் காரீய அளவு 90-க்கு மேற்படவில்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அளவு எவ்வளவு வேண்டும்? 12 அடிக்கு 10 அடி கொண்ட அறையில், பலகை 4 அடி உயரத்துக்குப் பதித்திருப்பதாகக் கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. பரப்பு 176 சதுர அடி. கதவுக்கு 12 சதுர அடி கழித்தால் 164. ஒரு லிட்டர் ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி வரும். ஆகவே பிரைமர் 2 லிட்டரும், இரு கை மேற்பூச்சுக்கு 4 லிட்டரும் வாங்கினால் தாராளமாகப் போதும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதே தெளிவாகத் தெரியும். அதாவது பாலூட்டும் தாயின் முகம். நிறங்களை நன்கு பிரித்தறியச் சில மாதங்கள் ஆகும். ஆகையால் சுவர் நிறைய யானையும் மயிலும் தீட்டுவது பெற்றோரின் மகிழ்ச்சிக்கேயன்றிக் குழந்தையின் தேவைக்கன்று. சுவருக்கு வெண்மையோ, பாலாடை நிறமோ, வெளிர் நீலமோ போதும். வேண்டுமானால் பலகையின் மேல் விளிம்பில் மட்டும் அடர்ந்த நிறத்தில் ஒரு கோடு ஓட்டலாம். சேலைத் தொட்டில் கட்டும் கொக்கியை மரப்பலகையில் ஒருபோதும் அடிக்கலாகாது. கூரையின் உத்திரத்தில் அல்லது கான்கிரீட்டில் உறுதியாகப் பதிக்க வேண்டும். பலகை சுமை தாங்குவதற்காக அமைந்ததன்று.

வேலை முடிந்தவுடன் அறை உலர்ந்ததாகத் தோன்றினாலும் அது முற்ற இறுக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை பகலில் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். கட்டிலையும் தொட்டிலையும் அதன் பிறகே உள்ளே கொண்டு வருக. வாடை இருக்கிறதா என்று அறிய, அறையை ஓர் இரவு மூடி வைத்துக் காலையில் உள்ளே சென்று பாருங்கள். மூக்கில் நெடி ஏறினால் குழந்தையின் வருகையை ஒரு வாரம் தள்ளி வைப்பதில் நட்டமில்லை.

ஐந்தாறு மாதமான குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும். தவழத் தொடங்கியதும் பலகையின் விளிம்பைப் பற்றி எழுந்து நின்று, அதையே கடித்தும் பார்க்கும். நாம் பூசும் வர்ணம் விருந்தினர் கண்ணுக்கு அழகாயிருப்பதோடு, குழந்தை வாய் வைத்தாலும் தீங்கு செய்யாததாக இருத்தல் வேண்டும். டப்பாவை வாங்கும்போதும், பழைய பூச்சைச் சுரண்டும்போதும் இதை மறவாதிருப்போமாக.