தொட்டிக்குள்ள யாரு?

கொளத்தூர் பக்கம் போய் நாலு கப்பி மீன், ஒரு கொத்து நீர்ச்செடி வாங்கிட்டு வந்து தொட்டியில விடுறீங்க. மூணு வாரத்துல கண்ணாடி பூரா நத்தை! நடுவுல வெள்ளையா ஏதோ வேற நெளியுது. செடியோட ஒட்டிக்கிட்டு, டிக்கெட் வாங்காம வந்த பார்ட்டிங்க!

உடனே மருந்தை ஊத்திடாதீங்க பாஸ். தாமிரம் கலந்த மருந்து நத்தைகளைக் கொல்லும். அதுங்க செத்து அழுகினா தண்ணியில அம்மோனியா ஏறும். அடுத்த விக்கெட் உங்க மீன்தான்! அதனால, முதல்ல ஆள் யாருன்னு பாருங்க. ஒரு டார்ச், ஒரு லென்ஸ் போதும்.

நத்தை கேங்

ஓட்டோட கூர்முனை மேலே, திறப்பு உங்களைப் பார்க்குற மாதிரி பிடிங்க. திறப்பு இடப்பக்கம் இருந்தா அது பிளாடர் நத்தை. தட்டையான சுருள்னா ராம்ஸ்ஹார்ன். நம்மைப் போலவே இதோட ரத்தத்துலயும் ஹீமோகுளோபின் உண்டு. நீளமான கூம்புன்னா மலேசியன் ட்ரம்பெட். பகல்ல மணலுக்குள்ள பதுங்கல், ராத்திரி நகர்வலம். இது முட்டை போடாது, குட்டிதான்... அதுவும் ஆண் துணையே இல்லாம!

இந்த மூணும் ஆரோக்கியமான மீனைத் தொடாது. பாசி, அழுகின இலை, மிச்சத் தீனிதான் சாப்பாடு.

பொடிசுங்க

நூல் மாதிரி நெளிஞ்சு நீந்தினா டெட்ரிடஸ் புழு. ஆபத்தில்லை. கண்ணாடியில வழுக்கிட்டுப் போகுதா, தலை முக்கோணமா, ரெண்டு கண்ணு தெரியுதா? அது பிளனேரியா. மீன் முட்டை, இறால் குட்டி ஜாக்கிரதை! கோபத்துல நறுக்கிடாதீங்க, ஒவ்வொரு துண்டும் தனி ஆளா வளரும். ஓரிடத்துல ஒட்டிக்கிட்டு கைகளை விரிச்சா ஹைட்ரா. பொடி மீன்குஞ்சுகளுக்கு வில்லன். விட்டு விட்டுத் துள்ளுற வெள்ளைப் புள்ளியா? சைக்ளோப்ஸ். மீனுக்கு ஓசி டிபன்!

கூட்டம் கூடுதுன்னா ஒரே அர்த்தம்தான்... நீங்க தீனியை அள்ளிப் போடுறீங்க. ரெண்டு நிமிஷத்துல மீன் காலி பண்ற அளவு மட்டும் போடுங்க. ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு வெச்சா நத்தைங்க அதுல மொய்க்கும். காலையில துண்டோட தூக்கிடலாம். தூக்கினதை ஏரி, குளத்துல மட்டும் விட்டுடாதீங்க. வெளியூர் நத்தை அங்கே பெருகினா, உள்ளூர் உயிர்களுக்குத்தான் பட்டினி!