விழுப்புரம் – திண்டிவனம்: தொலைவும் பயண நேரமும்

விழுப்புரமும் திண்டிவனமும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள நகரங்கள். தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் தலைநகரம் விழுப்புரம். அதற்கு வடகிழக்கே, சென்னை செல்லும் வழியில் திண்டிவனம் அமைந்துள்ளது.

வான்வழித் தொலைவு

இரு இடங்களுக்கு இடையே புவிப்பரப்பின் மேல் அமையும் மிகக் குறுகிய தொலைவே வான்வழித் தொலைவு எனப்படுகிறது. இது அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இவ்விரு நகரங்களும் அட்சரேகையில் சுமார் 0.29 பாகையும் தீர்க்கரேகையில் சுமார் 0.16 பாகையும் வேறுபடுகின்றன. அதாவது, வடக்கு நோக்கி 32 கி.மீ., கிழக்கு நோக்கி 17 கி.மீ. பிதாகரசு தேற்றத்தின்படி நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 36 கி.மீ. ஆகும்.

விமானப் பயண நேரம்

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 3 நிமிடங்கள் கூட ஆகாது. இணையக் கணிப்பான்கள் காட்டும் விமான நேரம் இத்தகைய வகுத்தல் கணக்கே. அது விமானச் சேவை இருப்பதைக் குறிக்காது. இரு நகரங்களிலும் விமான நிலையம் இல்லை. மேலும், 35,000 அடி உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் தரையிறங்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 190 கி.மீ. தேவை. ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரே தீவுகளுக்கிடையே 2.7 கி.மீ. தொலைவுக்குச் சிறிய விமானம் இயங்குகிறது. இடையில் கடல் இருப்பதே அதற்குக் காரணம்.

தொடருந்தும் சாலையும்

சென்னை எழும்பூரிலிருந்து தொடருந்துப் பாதையில் திண்டிவனம் சுமார் 122 கி.மீ., விழுப்புரம் சுமார் 159 கி.மீ. தொலைவில் உள்ளன. எனவே இடைப்பட்ட தொலைவு 37 கி.மீ. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகியவை இடையிலுள்ள நிலையங்கள். பயண நேரம் பொதுவாக 30 முதல் 45 நிமிடங்கள். எல்லா விரைவு வண்டிகளும் திண்டிவனத்தில் நிற்பதில்லை.

கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தொலைவு 38 முதல் 40 கி.மீ. பேருந்தில் 45 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் ஆகும். நிலம் பெரும்பாலும் சமவெளியாக இருப்பதால் மூன்று தொலைவுகளும் ஏறத்தாழ ஒத்துள்ளன. மலைப்பகுதிகளில் சாலைத் தொலைவு நேர்கோட்டுத் தொலைவைவிடப் பன்மடங்கு கூடலாம்.

விமானம் ஏற வேண்டியவர்கள்

அருகிலுள்ள புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து சில நகரங்களுக்கே விமானங்கள் உண்டு. ஆகவே பலரும் சென்னை மீனம்பாக்கத்தையே நாடுகின்றனர். தொடருந்துப் பாதையில் அதன் எதிரேயுள்ள திரிசூலம் நிலையம் திண்டிவனத்திலிருந்து சுமார் 105 கி.மீ., விழுப்புரத்திலிருந்து சுமார் 140 கி.மீ. உள்நாட்டுப் பயணத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டுமெனில், விழுப்புரத்திலிருந்து புறப்படுபவர் விமானம் கிளம்பும் நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புவது நல்லது. பயணத்தைத் திட்டமிடும்போது பறக்கும் நேரத்துடன் இந்நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.