மட்டாஞ்சேரி தரையில் அழியாத நீலம்: வீட்டில் ஓடுகளுக்கு வண்ணமிடுவோர் கவனிக்க வேண்டியவை

கொச்சி: கேரள மாநிலம் கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூத வழிபாட்டுத் தலத்தின் தரையில், சீனாவில் கையால் வரையப்பட்ட நீல, வெள்ளை நிறப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட இத்தலத்துக்கு, 18-ஆம் நூற்றாண்டில் வணிகர் எசேக்கியல் ரஹாபியின் முயற்சியால் கான்டன் துறைமுகத்தில் இருந்து இந்த ஓடுகள் தருவிக்கப்பட்டன. சுமார் 1,100 ஓடுகள் உள்ளதாகவும், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்றும் கூறப்படுகிறது. தமிழில் இன்று வசைச்சொல்லாகிவிட்ட ‘பரதேசி’ என்ற சொல், இங்கு அயல்தேசத்தில் இருந்து வந்தவர் என்ற பழைய பொருளிலேயே வழங்குகிறது.

இரண்டரை நூற்றாண்டுகளாகக் கால்கள் பட்டும் அந்த நீலம் மங்கவில்லை. பார்வையாளர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்ற விதி அதற்கு உதவியிருக்கலாம். ஆனால், முதன்மையான காரணம் வண்ணம் அமர்ந்திருக்கும் இடமே ஆகும்.

சீனக் கைவினைஞர்கள், சுடப்படாத வெண்களிமண்ணின் மீது கோபால்ட் கனிமத்தைக் குழைத்துத் தூரிகையால் வரைந்தனர். அந்த நிலையில் அது கருஞ்சாம்பல் நிறத்திலேயே தெரியும். அதன் மேல் மெருகுக் குழம்பைப் பூசி, சூளையில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது குழம்பு உருகிக் கண்ணாடியாகிறது. கோபால்ட் அதனுடன் கலந்து நீலமாக மாறுகிறது. எனவே, பார்வையாளரின் பாதம் தொடுவது ஓவியத்தை அல்ல, அதற்கு மேலுள்ள கண்ணாடிப் படலத்தையே.

கடைகளில் கிடைக்கும் வெள்ளை ஓடுகளின் மீது ஆல்கஹால் மைகளைச் சொட்டி அலங்கரிக்கும் பழக்கம் அண்மைக் காலமாக வீடுகளில் பரவி வருகிறது. இதில் நடப்பது நேர்மாறானது. ஓடு முன்பே சுடப்பட்டு மெருகேறிவிட்டது. அந்த மெருகுக்குள் மை நுழைய முடியாது. மேலே ஒட்டிக்கொண்டு மட்டுமே இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சில நொடிகளில் வந்துவிடும். இந்தச் சோதனையை வீட்டு ஓட்டில் செய்து பார்க்கலாம், மட்டாஞ்சேரியில் அல்ல!

எனினும், இந்தப் பலவீனமே இக்கலையின் அழகுக்கும் காரணம். வழவழப்பான பரப்பில் உறிஞ்சப்படாததால் மை தடையின்றிப் பரவுகிறது. ஓட்டை முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப்பசையை நீக்க வேண்டும். இரண்டு, மூன்று நிறங்களைச் சில துளிகள் விட்டு, அவற்றின் மீது ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சொட்டினால் நிறங்கள் விலகி ஓரங்களில் வளையங்களாகத் தேங்கும். உறிஞ்சுகுழலால் ஊதி உருவத்தை மாற்றலாம். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். சூளைக்குப் போகும் ஓவியனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மெருகற்ற ஓடுகள் மையைக் குடித்துவிடுவதால் இவ்வகைக்குப் பொருந்தாது.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி ஆகியவற்றுக்கு அருகில் இப்பணியைச் செய்யக் கூடாது. சன்னல்கள் திறந்திருப்பதும் அவசியம்.

மை நன்கு உலர ஒரு நாள் விட்டு, நிறமற்ற அக்ரிலிக் தெளிப்பானை மெல்லிய அடுக்குகளாகப் பலமுறை தெளிக்க வேண்டும். தூரிகையால் வார்னிஷ் பூசினால், அதிலுள்ள கரைப்பான் மையைக் கரைத்து இழுத்துவிடக் கூடும். கொச்சி, சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் மழை நாளில் தெளித்தால் பூச்சு வெண்மையாக மங்கிப்போகும் என்பதால், வெயில் நாளைத் தேர்வு செய்வது நல்லது. பூச்சு இருந்தாலும் நேரடி வெயிலில் சாயம் நாளடைவில் வெளுக்கும். கோபால்ட் கனிமம் என்பதால் அதற்கு இந்தக் குறை இல்லை.

இடைப்பட்ட வழியும் உண்டு. வீட்டு ஓவனில் ஏறத்தாழ 150 டிகிரியில் சூடேற்றி இறுகச் செய்யும் பீங்கான் வண்ணங்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. குளிர்ந்த ஓவனிலேயே ஓட்டை வைத்துப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும், உள்ளேயே ஆறவிட வேண்டும். இல்லையெனில் ஓடு விரிசல் விடலாம். இவை மையைவிட உறுதியானவை என்றாலும், சூளை வண்ணத்துக்கு ஈடாகாது.

நெருப்பே இல்லாமல் நிலைக்கும் வண்ணத்துக்குச் செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடுகள் சான்று. அங்கு வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கண்ணாடித் தகட்டின் மீது அச்சுகளுக்குள் ஊற்றுகின்றனர். வண்ணம் படலமாக இல்லாமல் தடித்த அடுக்காகவே அமைவதால், நடக்க நடக்கத் தேய்ந்தாலும் நிறம் மறைவதில்லை.

மையால் அலங்கரித்த ஓடுகள் சுவரில் மாட்டவும், அலமாரியில் வைக்கவும் ஏற்றவை. தரையிலோ, குளியலறையிலோ பதிக்கக் கூடாது. சூடான காபி டம்ளரை வைத்தால் மேற்பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். உணவுப் பண்டங்களை அவற்றின் மீது நேரடியாக வைத்துப் பரிமாறுவதையும் தவிர்க்க வேண்டும்.