வெள்ள எச்சரிக்கை விளங்கும் வகை

நீலகிரியிலும் அதனையடுத்த கேரள மலைகளிலும் பெருமழை பொழியுங்கால், மேட்டுப்பாளையத்தில் வெயில் காய்தலும் உண்டு. வானம் தெளிந்திருக்கவே பவானியாறு பெருகி வரும். ஆதலின், கரையில் வாழ்வார் தம் தலைமேலுள்ள வானத்தை நோக்கி ஆற்றின் நிலையை அறிதல் இயலாது. அணையினின்று வரும் எச்சரிக்கையே அவர்க்குக் கண்ணாகும்.

பவானியின் குறுக்கே அமைந்த பில்லூர் அணையின் உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியை எட்டியதும் மிகுநீரை வெளிவிடுதல் வழக்கம். உடனே மேட்டுப்பாளையம், சிறுமுகை முதலிய ஊர்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பெறும். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவேண்டும் என்பதே அதன் சாரம். இதனைக் கேட்ட குடும்பத் தலைவன் யாது செய்வான்? மாடுகளை அவிழ்த்து ஓட்டுவதோ, முதியோரை மட்டும் அனுப்புவதோ, வீட்டைப் பூட்டிப் புறப்படுவதோ? ஐயுற்றவன் அண்டை வீட்டாரை நோக்குவான். அண்டை வீட்டாரும் இவனையே நோக்குவர். அதற்குள் நீர் திண்ணையேறிவிடும்.

அபாயத்தின் அளவைக் கூறுதல் வேறு. செய்யத்தக்கதைக் கூறுதல் வேறு. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றப்படும் புயற்கூண்டுகள் மாலுமிகளுக்காக ஏற்பட்டவை. அக்குறிகளின் பொருளைக் கற்ற அவர்க்கு அவை போதும். கல்லாத குடிகளுக்கோ எண் அச்சத்தைத் தருமேயன்றி வழியைக் காட்டாது.

இவ்வுண்மையை ஜப்பானியர் பட்டறிந்தனர். அந்நாட்டில் வெளியேறுமாறு கூறும் பரிந்துரை, கட்டளை என்னும் இருவகை அறிவிப்புகளும் ஒரே நான்காம் படியில் இருந்தன. கட்டளை வரட்டுமென்று காத்திருந்து, தக்க வேளையைத் தவறவிட்டோர் பலர். எனவே 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் பரிந்துரை ஒழிக்கப்பட்டது. ஐந்து படிகளுள் மூன்றாவதில் முதியோர் முதலானோர் புறப்படல் வேண்டும். நான்காவதில் அபாய இடத்திலுள்ளோர் அனைவரும் வெளியேறல் வேண்டும். ஐந்தாவது, வெளியேறுங் காலம் கடந்து, கிட்டிய இடத்தே உயிர்காக்க முயலும் நிலை.

பவானிக் கரைக்கும் இம்முறை பொருந்துவதே. முதற்படியில், ஒருவரும் ஆற்றில் இறங்கற்க. கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டுக. இரண்டாம் படியில், முதியோர், குழந்தைகள், நோயாளிகள், கருவுற்ற பெண்டிர் ஆகியோர் புறப்படுக. மெல்ல நடப்போர் இவராதலின், இவ்வறிவிப்பு இருட்டுமுன் வருதல் நலம். மூன்றாம் படியில் அனைவரும் வெளியேறுக. ஒவ்வொரு படிக்கும் உரிய செயலும், செல்லவேண்டிய பள்ளிக்கூடத்தின் அல்லது மண்டபத்தின் பெயரும் கூறப்படின் ஐயத்துக்கு இடமில்லை.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பர். ஆற்றங்கரை ஊர்களினின்று வந்து பயிலும் மாணவர்கள், கோடை விடுமுறையிலேயே தம் வீட்டாரோடு கலந்து, யார் முதலிற் செல்வது, எவ்வழியாகச் செல்வது, எங்குச் சேர்வது என்னும் மூன்றனையும் முடிவு செய்து வைப்பாராக.