கையால் செய்யும் பொங்கல் வாழ்த்து அட்டை

வாழ்த்து அட்டை என்பது விழா, பிறந்த நாள், தேர்ச்சி, பிரிவு போன்ற சிறப்பு நேரங்களில் ஒருவர் மற்றொருவருக்கு எழுதி அனுப்பும் மடித்த அட்டை ஆகும். கடையில் வாங்கும் அட்டையில் படமும் வாசகமும் முன்பே அச்சாகியிருக்கும். கையால் செய்யும் அட்டையில் அளவு, படம், சொல் ஆகிய மூன்றையும் அனுப்புபவரே முடிவு செய்கிறார். தமிழ்நாட்டில் வாழ்த்து அட்டை என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பொங்கல் வாழ்த்துதான். இக்கட்டுரை, விழுப்புரம் மாவட்டத்தில் உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, குறைந்த செலவில் பொங்கல் வாழ்த்து செய்யும் முறையை விளக்குகிறது. உப்பும் ஈரக் காற்றும் உள்ள எந்தக் கடலோர ஊருக்கும் இம்முறை பொருந்தும்.

வரலாறு

வாழ்த்து அட்டை பரவலானதற்கு மலிவான அஞ்சல் ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி கட்டணத்தில் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதன் உருவாக்கத்தில் பங்கேற்ற என்றி கோல் என்பவர், 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை வரையச் செய்து அச்சிட்டார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை இதுவே. இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் அஞ்சலட்டை அறிமுகமானது. எளிய மக்களும் செய்தி அனுப்ப அது வழி திறந்தது.

தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பொங்கல் வாழ்த்து பெரும் வழக்கமாக இருந்தது. மார்கழி பிறந்ததும் கடை வாசல்களில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பொங்கல் பானை, கரும்பு, உழவர், காளை, தெய்வங்கள், அரசியல் தலைவர்கள், திரைப்பட நடிகர்கள் என்று அவற்றில் எல்லாப் படங்களும் இருந்தன. சிவகாசியின் அச்சகங்கள் இவற்றைப் பெருமளவில் அச்சிட்டன. உறையை ஒட்டாமல் மடித்து மட்டும் வைத்து, ‘புக் போஸ்ட்’ என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவது அக்கால வழக்கம். தொலைபேசியும் பின்னர் கைப்பேசியும் பரவிய பிறகு இவ்வழக்கம் வேகமாகக் குறைந்தது. இன்று ஒரே படத்தை ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அது தனக்கென்றே வந்தது என்று அந்த நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த படத்துக்கும் வாழ்த்து அட்டை வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 1949இல் வெளியிட்ட முதல் அட்டையில் இருந்தது, செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஜிட்கா சாம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி வரைந்த படம். போருக்குப் பின் காகிதம் கிடைக்காததால் அவள் அதைக் கண்ணாடித் துண்டின் மீது வரைந்திருந்தாள்.

மரக்காணமும் பொங்கல் பருவமும்

மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ளது. இங்கே உப்பு நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இத்தொழில் நின்றுவிடும். மழை ஓய்ந்த பின் பாத்திகளைச் சீர்செய்த பிறகுதான் மீண்டும் உப்பு விளையும். வேலை இல்லாத இம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது. பொங்கல் வருவது கூலி நின்றிருந்த அந்த மாதங்களின் முடிவில்தான். ஆகவே இங்குள்ள மாணவர் செய்யும் அட்டைக்குப் பொருள் வாங்கும் செலவு இல்லாதிருப்பது முதல் தேவை. ஈரக் காற்றைத் தாங்குவது இரண்டாவது தேவை.

பொருட்கள்

கீழ்க்காண்பவை பெரும்பாலும் வீட்டிலோ வகுப்பிலோ கிடைப்பவை.

• அட்டை: பழைய திருமண அழைப்பிதழின் எழுத்தில்லாத பகுதி, சார்ட் பேப்பர், ஓவிய நோட்டின் தடித்த தாள்.
• உறைக்கு: ஒரு ஏ4 தாள், அல்லது பழைய மாத நாட்காட்டியின் தாள்.
• கருவிகள்: கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில், மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில்.
• நிறம்: பள்ளியில் பயன்படுத்தும் நீர்வண்ணம். அது இல்லையென்றால் மஞ்சள் கரைசல், கெட்டியான தேயிலைச் சாறு, அடுப்புக்கரித் தூள்.
• பசை: கோந்து அல்லது காய்ச்சிய மைதா பசை. உறையை மூடச் சோற்றுப் பருக்கையே போதும்.
• அலங்காரம்: காய்ந்த பனையோலைக் கீற்று, துணித் துண்டு, நூல்.

மஞ்சள் கரைசலுடன் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு நிறம் கிடைக்கும். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்துடன் சேரும்போது நிறம் மாறுவதே இதற்குக் காரணம். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். எனவே அதை அட்டையின் உட்பக்கத்தில் பயன்படுத்துவது நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கேடு விளைவிக்கும் என்பதால், சிறுவர்களுக்குப் பெரியவர்கள்தான் அதைக் கரைத்துத் தர வேண்டும்.

புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. சிறுவர்கள் கையாளும் பசையில் அதைச் சேர்க்கக் கூடாது. பசையை அன்றன்று தேவைக்கு மட்டும் காய்ச்சிக்கொண்டால் போதும்.

காகிதத்தையே கையால் செய்யும் தொழிலும் இக்கரைக்கு அருகில் உண்டு. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் தயாரித்து வருகிறது. வாய்ப்புள்ளவர்கள் அத்தகைய தாளைப் பயன்படுத்தலாம்.

அளவும் மடிப்பும்

ஏ4 தாளின் அளவு 21 × 29.7 செ.மீ. அந்த அளவுள்ள தடித்த தாள் ஒன்றைப் பாதியாக வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் ஏறத்தாழ 10.5 × 14.8 செ.மீ. அளவுள்ள அட்டை ஆகும். ஒரு தாளுக்கு இரண்டு அட்டைகள்.

1. வெட்டிய துண்டை இரு திசைகளிலும் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அதுவே காகித நார் ஓடும் திசை. மடிப்பு அத்திசையில் அமைந்தால் விரிசல் விடாது.
2. மடிப்பு வரும் இடத்தில் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் ஒரே அழுத்தத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும்.
3. அக்கோட்டில் மடித்து, அளவுகோலின் விளிம்பால் தேய்க்க வேண்டும்.
4. படமும் எழுத்தும் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வைக்க வேண்டும்.

படம்

வரையத் தெரியாது என்று தயங்குவோருக்குக் காய்கறி அச்சு எளிது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, ஈரத்தைத் துடைத்து, நிறத்தில் தொட்டுப் பதித்தால் பெரும்பாலும் ஐந்து முனைகள் கொண்ட பூ கிடைக்கும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதன் முகத்தில் பானை வடிவம் செதுக்கினால் ஒரே அச்சில் இருபது அட்டைகள்கூடச் செய்யலாம். பனையோலையை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி ஒட்டினால் கரும்புத் தோகை ஆகிவிடும்.

உப்பளக் காட்சியை வரைவதற்கும் சில கோடுகளே வேண்டும். கட்டம் கட்டமாகப் பாத்திகள், அவற்றின் வரப்பில் வெள்ளை முக்கோணங்களாக உப்புக் குவியல்கள், ஓரத்தில் ஒரு பனைமரம், மேலே சூரியன். மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் பூநாரையை ஒரு முட்டை வடிவம், வளைந்த கழுத்து, இரண்டு நீண்ட கால்கள் ஆகியவற்றால் வரைந்துவிடலாம். வெளியூரில் வேலைக்குச் சென்றிருக்கும் அண்ணனுக்கு அச்சடித்த கரும்புப் படத்தைவிடத் தம் ஊர்ப் பாத்தியின் படம் நெருக்கமாக இருக்கும்.

உப்பைக் கொண்டு வண்ணம் தீட்டும் முறையும் உண்டு. தடித்த தாளில் நீர்வண்ணத்தைத் தாராளமாகப் பூசி, ஈரத்தின் பளபளப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் சில உப்புக் கற்களைத் தூவ வேண்டும். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியுள்ள நீரையும் அதோடு சேர்ந்த நிறத்தையும் ஈர்ப்பதால், நட்சத்திரம் போன்ற வெளிர் புள்ளிகள் தோன்றும். கல்லுப்பு பெரிய புள்ளிகளையும் தூள் உப்பு சிறு புள்ளிகளையும் தரும். முழுவதும் காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் உப்பை முழுமையாகத் தட்டிவிட வேண்டும்.

உப்பை ஒட்டக் கூடாது, ஏன்?

மினுமினுப்புக்காக உப்பையே அட்டையில் ஒட்டலாம் என்று தோன்றும். செய்த அன்று அது அழகாகவே இருக்கும். ஆனால் சில நாட்களில் அட்டை நசநசத்து, எழுத்து கலங்கிவிடும். இதற்கான காரணம் வேதியியலில் உள்ளது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. உப்பளத்திலிருந்து வரும் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருக்கும். அது ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மார்கழி மாதத்துக் கடற்கரைக் காலைகளில் ஈரப்பதம் இவ்விரு அளவுகளையும் எளிதில் கடந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி நீர் விடுவதும் இதனால்தான். எனவே படம் தீட்ட உப்பைப் பயன்படுத்தலாம். அட்டையில் தங்கவிடக் கூடாது.

இதே காரணத்தால் வேறு சில கவனங்களும் தேவை. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துக் கறை விடும். அதற்குப் பதிலாக ஊசி நூலால் இரண்டு தையல் போடலாம். ஸ்கெட்ச் பேனா மையும் ஊற்றுப்பேனா மையும் ஈரத்தில் பரவக்கூடியவை. பால்பாயின்ட் பேனாவும் பென்சிலும் தாங்கும். முடித்த அட்டைகளைத் தகர டப்பாவிலோ மூடிய பெட்டியிலோ வைக்க வேண்டும்.

வாசகம்

அட்டையின் உயிர் அதன் வாசகம்தான். ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்ற வரி யாருக்கும் பொருந்தும். அதன் கீழே, பெறுபவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரியாவது எழுத வேண்டும். அவர் செய்த ஓர் உதவி, சேர்ந்து கழித்த ஒரு நாள், அவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வி என எதுவாகவும் அது இருக்கலாம். ‘ஆத்தா, உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு மறுநாள் நாங்கள் வருகிறோம்’ என்பது போன்ற வரியை எந்த அச்சகமும் அச்சிட்டுத் தர முடியாது. அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், கையால் செய்த அட்டையும் கடை அட்டையைப் போன்றதுதான்.

‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துக்கள்’ என்ற இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. தமிழாசிரியர் பலர் ‘வாழ்த்துகள்’ என்பதையே பரிந்துரைக்கின்றனர். முதலில் பென்சிலால் எழுதி, பிழை பார்த்த பின் பேனாவால் எழுதுவது நல்லது. பெறுபவர் முதியவர் என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அனுப்பும்போது, வேறொருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார் என்பதை மனத்தில் கொண்டு எழுத வேண்டும். எழுதிய நாளையும் ஊரையும் குறிப்பிட்டால், பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு அது பயன்படும்.

உறையும் அஞ்சலும்

ஏ4 தாளில் 21 செ.மீ. சதுரம் வெட்டினால் மேற்கண்ட அட்டைக்கு உறை தயார். சதுரத்தை ஒரு முனை மேலே இருக்குமாறு வைத்து, நடுவில் அட்டையைப் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். அட்டையைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் இடம் விட்டு, முதலில் இடம், வலம் முனைகளையும், பிறகு கீழ் முனையையும் மடித்து ஒட்ட வேண்டும். மேல் முனை மூடி ஆகும். மீதமாகும் 8.7 செ.மீ. அகலத் துண்டில் புத்தகக் குறி செய்யலாம்.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தாளில் செய்த அட்டையும் சாதாரணத் தாளில் செய்த உறையும் சேர்ந்து சுமார் 10 கிராம்தான் இருக்கும். 20 கிராம் வரையுள்ள கடிதத்துக்கு உள்நாட்டு அஞ்சல் கட்டணம் 5 ரூபாய். அதுவும் கூடுதல் என்றால், 50 காசு அஞ்சலட்டையையே வாழ்த்து அட்டையாக்கலாம். 14 × 9 செ.மீ. அளவுள்ள அதன் பின்பக்கத்தில் ஒரு வெண்டைக்காய்ப் பூவுக்கும் நான்கு வரிகளுக்கும் தாராளமாக இடம் உண்டு.

முகவரியில் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ஆறு இலக்கக் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். மரக்காணத்தின் எண் 604303. பொங்கல் நெரிசலையும் விடுமுறையையும் கருதி, ஜனவரி முதல் வாரத்திலேயே அஞ்சலில் சேர்ப்பது பாதுகாப்பானது.

பிற நிகழ்வுகள்

இதே அட்டையைப் படத்தை மட்டும் மாற்றி ரம்ஜான், கிறிஸ்துமஸ், தீபாவளி, செப்டம்பர் 5 ஆசிரியர் நாள், பிறந்த நாள் ஆகியவற்றுக்கும் செய்யலாம். நோயுற்றவருக்கும் தேர்வில் தவறியவருக்கும் அனுப்பும் அட்டையில் படம் குறைவாகவும் சொல் அளவாகவும் இருப்பது நல்லது. வகுப்பில் செய்யும்போது, அட்டையைத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு மாணவரும் யாருக்கு அனுப்பப் போகிறார் என்று முடிவு செய்துகொள்வது பயன் தரும். பெறுபவர் யார் என்று தெரிந்தால் படமும் வாசகமும் தாமாகவே அமைந்துவிடும்.