பின்வாயிலால் நுழைந்த மாணவி

நவநாகரிக உடைக்காட்சி என்றதும், கண்ணைப் பறிக்கும் மின்னொளியையும், புகைப்படக்காரர் கூட்டத்தையும், அன்னநடை பயிலும் அழகியரையுமே நாம் எண்ணுகின்றோம். அக்காட்சியை ஆக்கித் தரும் கைகளைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. அக்கைகளுட் பல, இன்னும் படிப்பை முடிக்காத மாணவ மாணவியரின் கைகள் என்பது வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம்.

உடை வாரம் என்னும் வழக்கம் போர்க்காலத்திற் பிறந்தது. இரண்டாம் உலகப் போரினால் அமெரிக்கப் பத்திரிகையாளர் பாரிஸ் சென்று புதிய உடைகளைக் காண இயலாது போயிற்று. அதனையே வாய்ப்பாகக் கொண்டு, எலனோர் லாம்பேர்ட் என்னும் அம்மையார் 1943ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் பத்திரிகையாளருக்கென ஒரு காட்சி வாரத்தை ஒழுங்கு செய்தார். இலண்டன் உடை வாரம் 1984இல் ஆரம்பமாயிற்று. இன்று நியூயோர்க், இலண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு மாநகரங்களிலும் ஆண்டுக்கு இருமுறை இவ்வாரங்கள் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. செப்டெம்பரிற் காட்டப்படுவன அடுத்த ஆண்டின் வசந்தகால, கோடைகால உடைகள். கடைக்காரர் முன்கூட்டியே கொள்வனவு செய்ய வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

மேடைக்குப் பின்னால்

இலண்டனில் உடைக்கலை பயிலும் மாணவி ஒருத்தியுடன் நாமும் செல்வோம். முன்வாயில் அழைப்பிதழ் பெற்றோர்க்கு உரியது. ஆதலின், உடுத்துவிடும் பணிக்கு வந்த அவள் பின்வாயிலாலேயே நுழைகின்றாள்.

அங்கே உடைகள் அணியும் ஒழுங்கிலே கம்பிகளில் தொங்குகின்றன. எதனுடன் எதனை அணிவது என்பதைக் காட்டும் புகைப்படமும் அருகிலுண்டு. கசங்கல்களை நீராவியால் நீக்குகின்றனர். புதிய சப்பாத்துகள் தேயாதிருக்க அடிப்பாகத்தில் நாடா ஒட்டுகின்றனர். முகப்பூச்சு உடையிற் படாதவாறு அழகியின் முகத்தை மெல்லிய துணியால் மூடி, அதன்மேல் உடையை இறக்குகின்றனர். ஓர் உடையைக் களைந்து மற்றொன்றை அணிவிக்கச் சில வேளைகளில் ஒரு நிமிடமே கிடைக்கும். அந்நேரத்தில் ஒரு தெறி அறுந்தால் ஊசியும் நூலுமே துணை.

காட்சி பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். நம் மாணவியோ அதனைக் காணவேயில்லை; இசையையும் கைதட்டலையும் மாத்திரமே கேட்டாள். ஆயினும், மேடையிற் பார்த்திருப்போர் காணாத ஒன்றை அவள் கண்டாள். உடையின் உட்புறத்தைக் கண்டாள். தையல் எங்கே மறைகின்றது, துணி எவ்வாறு தாங்கப்படுகின்றது என்பவற்றை அவள் விரல்கள் அறிந்துகொண்டன.

இத்தகைய பணி பல வேளைகளில் ஊதியமின்றியே பெறப்படுகின்றது. அனுபவம் பெரிதுதான், ஆனால், அனுபவம் வீட்டு வாடகையைக் கொடுக்குமா? வசதியுள்ள பிள்ளைகளே இலவசமாக உழைக்க இயலும் எனின், திறமையிருந்தும் வசதியற்றோர் வாயிலிலேயே நின்றுவிட நேரும்.

கற்பிக்க வந்து கற்றவர்

அவ்வாறு நின்றுவிடாத ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அலெக்சாந்தர் மக்குயீன் இலண்டனில் வாடகைக் கார்ச் சாரதி ஒருவரின் மகன். ஆறு பிள்ளைகளுள் இளையவர். பதினாறு வயதிற் பள்ளியை விட்டு, சவில் றோ என்னும் புகழ்பெற்ற தையற்காரர் வீதியிலே தொழில் பழகினார். பின்னர் சென்ற்ரல் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரிக்குச் சென்று, துணி வெட்டும் முறையைக் கற்பிக்கும் வேலை கேட்டார். வேலைக்குப் பதிலாக மாணவராகும் இடமே கிடைத்தது! 1992இல் படிப்பை நிறைவு செய்தபோது அவர் காட்டிய உடைகள் அனைத்தையும் இசபெல்லா புளோ என்னும் பத்திரிகையாளர் 5,000 பவுணுக்கு வாங்கினார். அத்தொகையையும் தவணை முறையிலேயே கொடுத்தார். நான்கே ஆண்டுகளில் மக்குயீன் பாரிஸின் ஜீவன்சி நிறுவனத்திற்குத் தலைமை உடையமைப்பாளரானார். 2010இல் அவர் மறைந்தார். அவரது துணிச்சலான கற்பனைகளுக்கெல்லாம் தாங்குதூணாய் நின்றது, இளமையிற் பழகிய தையற் தொழிலே.

ஒளி விழும் இடம் மேடை. கலை விளையும் இடம் அதன் பின்புறம். வீட்டு மூலையிலே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, தைத்ததைப் பிரித்து மீண்டும் தைக்கும் பிள்ளையைக் கண்டால், வீண்பொழுது போக்குவதாக நாம் கடிந்துகொள்ளாதிருப்போமாக.